உரோமாபுரியின் முதற் பேரரசர் அகஸ்டஸ்

முன்னுரை

ஆண்டுதோறும் ஆகஸ்டுத் திங்கள் 31-ஆம் நாளன்று நாம் நம் நாட்டின் விடுதலைத் திருநாளைக் கொண்டாடுகிறோம். பள்ளித் திடலில் கொடியேற்றி, நாட்டுப்பண் பாடி மகிழ்கிறோம். அந்தத் திங்களுக்கு அப்பெயர் எவ்வாறு வந்தது என்று நம்மில் எத்தனை பேர் எண்ணிப் பார்த்திருக்கிறோம்? இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன்னர் உரோமாபுரியை ஆண்ட ஒரு மனிதரின் பெயரே அது. அவர்தாம் அகஸ்டஸ் சீசர்.

உள்நாட்டுப் போர்களால் நலிந்து கிடந்த ஒரு நாட்டிற்கு அமைதியைத் தந்தவர் அவர். ஏறத்தாழ ஐந்நூறு ஆண்டுகளாக உரோமர் பேணி வந்த குடியாட்சியை ஓசையின்றி முடித்து வைத்தவரும் அவரே. விடுதலையை நாம் கொண்டாடும் திங்கள், ஒரு நாட்டு மக்களின் ஆட்சியுரிமையைத் தம் கைக்குள் அடக்கிக்கொண்ட ஒருவரின் பெயரைத் தாங்கி நிற்பது விந்தையன்றோ! அவர் செய்தது நன்மையா, தீமையா? அவருடைய வாழ்க்கை வரலாற்றைக் கற்று, அதன்பின் நாமே எடை போட்டுப் பார்ப்போம்.

உரோமர் கண்ட குடியாட்சி

அகஸ்டசை அறிய வேண்டுமானால், அவர் பிறந்த நாட்டின் ஆட்சிமுறையை நாம் முதலில் அறிந்துகொள்ளுதல் வேண்டும். தொடக்கத்தில் உரோமாபுரியை மன்னர்கள் ஆண்டனர். அவர்களுள் இறுதியாக ஆண்டவனின் கொடுமை தாங்காத மக்கள், கி.மு. 509-ஆம் ஆண்டில் அவனை நாட்டை விட்டே துரத்தினர் என்பது உரோமர் வழிவழியாகப் போற்றி வந்த செய்தி. அன்று முதல் மன்னன் என்ற சொல்லையே அவர்கள் வெறுத்தனர்.

மன்னனுக்கு மாறாக, ஆண்டுக்கு இருவரைத் தலைவர்களாகத் தேர்ந்தெடுத்தனர். அவர்களுக்குக் கான்சல்கள் என்று பெயர். இருவருள் ஒருவர் தவறு செய்ய முற்பட்டால், மற்றவர் அதனைத் தடுக்கலாம். ஓராண்டு முடிந்ததும் இருவரும் பதவியை விட்டு விலகிவிட வேண்டும். பட்டறிவு மிக்க பெருமக்கள் அடங்கிய செனட் என்னும் மன்றம் அவர்களுக்கு அறிவுரை கூறியது. எளிய மக்களைக் காப்பதற்கென்று பத்துக் காவலர்கள் ஆண்டுதோறும் தேர்ந்தெடுக்கப்பட்டனர். டிரிபியூன் எனப்பட்ட இவர்களுள் ஒருவர் மறுப்புத் தெரிவித்தாலும், அரசின் ஆணை நின்றுவிடும். எவர் கையிலும் அதிகாரம் நெடுங்காலம் தங்கிவிடலாகாது என்பதே இந்த ஏற்பாடுகளின் நோக்கமாகும்.

ஆயினும் இந்த ஆட்சியிலும் குறைகள் இருந்தன. மன்றத்தில் செல்வக் குடியினரின் குரலே ஓங்கி ஒலித்தது. பெண்களுக்கு வாக்குரிமை இல்லை. அடிமைகளுக்கு எந்த உரிமையும் இல்லை. இக்குறைகளோடு மற்றொரு பெருங்கேடும் வந்து சேர்ந்தது. அது படையிலிருந்து வந்தது.

படையும் நிலமும்

தொடக்கத்தில் நிலமுடைய உழவர்களே உரோமாபுரியின் போர்வீரர்கள். போர் வந்தால் வாளேந்துவர்; போர் முடிந்தால் ஏர் பிடிப்பர். நாடு விரிய விரியப் போர்களும் நீண்டன. வீரன் பல ஆண்டுகள் தொலைநாட்டில் போரிட, அவனுடைய நிலம் உழுவாரின்றிக் கிடந்தது. செல்வர்கள் நிலங்களை வளைத்துப் போட்டு, போரில் சிறைப்பட்டு வந்த அடிமைகளைக் கொண்டு பயிர் செய்தனர். நிலமிழந்த உழவர்கள் பிழைப்புத் தேடித் தலைநகரில் வந்து குவிந்தனர். அவர்களுக்கு நிலம் பங்கிட்டுத் தர முயன்ற திபேரியஸ் கிராக்கஸ் என்னும் மக்கள் காவலர் கி.மு. 133-இல் அடித்துக் கொல்லப்பட்டார்.

கி.மு. 107-இல் மாரியஸ் என்னும் தளபதி நிலமற்ற ஏழைகளையும் படையில் சேர்த்துக்கொண்டார். அவர்களுக்குப் படைத்தொழிலே பிழைப்பாயிற்று. ஓய்வு பெறும்போது நிலம் கிடைக்குமா, கிடைக்காதா என்பது அவர்களுடைய தளபதியின் செல்வாக்கைப் பொறுத்திருந்தது. ஆகவே, வீரர்கள் நாட்டை விடத் தளபதியையே பெரிதாக மதிக்கத் தொடங்கினர். கி.மு. 88-இல் சுல்லா என்பவர் தம் படையுடன் சொந்த நகரத்தின் மீதே சென்றார். கி.மு. 49-இல் ஜூலியஸ் சீசர் ரூபிகான் ஆற்றைக் கடந்து அவ்வாறே செய்தார். இத்தகைய கொந்தளிப்பான காலத்திலேதான் நம் வரலாற்றுத் தலைவர் பிறந்து வளர்ந்தார்.

இளமைப் பருவம்

கி.மு. 63-ஆம் ஆண்டு செப்டம்பர் 23-ஆம் நாள் அவர் உரோமாபுரியில் பிறந்தார். பெற்றோர் அவருக்கு இட்ட பெயர் அக்டேவியஸ். நான்கு வயதிலேயே தந்தையை இழந்தார். தாயார் அத்தியா, ஜூலியஸ் சீசருடைய தமக்கையின் மகள். சிறுவரைப் பாட்டியார் ஜூலியா தம் இல்லத்தில் வைத்து வளர்த்தார். அவர் மறைந்தபோது, பன்னிரண்டு வயதே நிரம்பிய அக்டேவியஸ் மக்கள் முன்னிலையில் இரங்கலுரை நிகழ்த்தினார்.

அவர் வலிமை மிக்க உடலினர் அல்லர். வாழ்நாள் முழுவதும் நோய் அவரை அடிக்கடி வாட்டியது. எனினும் மனவுறுதியில் அவருக்கு இணையாவார் அக்காலத்தில் ஒருசிலரே. ஆண் வாரிசு இல்லாத ஜூலியஸ் சீசர் இந்த இளைஞரின் கூர்மதியைக் கண்டு அன்பு பாராட்டினார். கல்வியும் படைப்பயிற்சியும் பெறுவதற்காக அவரை, இன்றைய அல்பேனியா நாட்டில் உள்ள அப்பலோனியா நகருக்கு அனுப்பி வைத்தார். அக்கிரிப்பா என்னும் உயிர்த்தோழரும் அவருடன் சென்றார்.

பதினெட்டு வயதில் ஒரு முடிவு

கி.மு. 44-ஆம் ஆண்டு மார்ச் 15-ஆம் நாள் ஜூலியஸ் சீசர் செனட் கூட்டத்திலேயே குத்திக் கொல்லப்பட்டார். அவ்வாண்டில்தான் அவர் வாழ்நாள் முழுவதற்கும் சர்வாதிகாரியாக ஆக்கப்பட்டிருந்தார். அவர் மன்னராகிவிடுவார் என்று அஞ்சிய புரூட்டசும் காசியசும் வேறு பலரும் சேர்ந்து இக்கொலையைச் செய்தனர். ஒரு மனிதரைக் கொன்றால் குடியாட்சி தானே மீண்டு வரும் என்று அவர்கள் நம்பினர். அந்நம்பிக்கை பொய்த்தது.

அப்பலோனியாவில் இருந்த அக்டேவியசுக்குச் செய்தி எட்டியது. சீசர் தம் உயிலில் அவரைத் தத்து மகனாக ஏற்று, சொத்தின் பெரும்பகுதியை அவருக்கே எழுதி வைத்திருந்தார். அப்பெயரை ஏற்பது உயிருக்கே ஆபத்தாகும் என்று தாயாரும் சிற்றப்பாவாக வாய்த்த பிலிப்பசும் அவரைத் தடுத்தனர். பதினெட்டே வயதான அவர் அஞ்சவில்லை. சீசர் என்னும் பெயரைத் தம் பெயராக ஏற்றார். வரலாற்றாசிரியர்கள் அது முதல் அவரை அக்டேவியன் என்று குறிப்பிடுவர்.

சீசரின் பொருளைத் தம் வசம் வைத்திருந்த மார்க் அந்தோணி அதனைத் தர மறுத்தார். சீசரோ, தலைநகர் மக்கள் ஒவ்வொருவருக்கும் 300 செஸ்டர்சு நாணயம் வழங்குமாறு உயிலில் எழுதியிருந்தார். அக்டேவியன் தம் சொந்தச் சொத்துகளை விற்று அத்தொகையை வழங்கலானார். மக்கள் மனம் அவர்பால் திரும்பியது. சீசரின் பழைய வீரர்களும் அவரைச் சூழ்ந்துகொண்டனர். கி.மு. 43-இல், இருபது வயது நிரம்புமுன்னரே, எட்டுப் படைப்பிரிவுகளுடன் தலைநகரின் மீது சென்று கான்சல் பதவியைப் பெற்றார். சட்டம் அப்பதவிக்கு அவரைத் தகுதியுடையவராக்கவில்லை, வாள்தான் ஆக்கியது.

குருதி படிந்த ஆண்டுகள்

பெரியோர் வாழ்வைக் கூறும்போது அவர்தம் குறைகளை மறைத்தல் முறையன்று. அக்டேவியனின் இளமையில் அழியாத கறை ஒன்று உண்டு. கி.மு. 43-இன் இறுதியில் அவரும் அந்தோணியும் லெப்பிடசும் கூட்டுச் சேர்ந்தனர். கொல்லப்பட வேண்டியவர்களின் பெயர்களைப் பட்டியலாக எழுதி ஊர்நடுவே தொங்கவிட்டனர். அப்பட்டியலில் உள்ளவனைக் கொன்றால் பரிசு; மறைத்து வைத்தால் மரணம். செனட் உறுப்பினர் 300 பேரும், அவர்களுக்கு அடுத்த நிலையில் இருந்த செல்வர் 2,000 பேரும் அப்பட்டியலில் அடங்கினர் என்று பழைய வரலாற்றாசிரியர் அப்பியன் எழுதியுள்ளார். கொல்லப்பட்டோரின் சொத்துகள் படைச்செலவுக்குப் பயன்பட்டன.

அவர்களுள் ஒருவர் பெரும்பேச்சாளர் சிசெரோ. அவர் அக்டேவியனுக்கு ஆதரவாக மன்றத்தில் முழங்கியவர். ஆயினும் அந்தோணியின் பகையைத் தீர்ப்பதற்காக அவரை அக்டேவியன் கைவிட்டார். குடியாட்சிக்காக வாதாடிய அப்பெரியாரின் தலையும் கையும், அவர் நின்று பேசிய மேடையிலேயே வைக்கப்பட்டன.

அடுத்த ஆண்டு பிலிப்பை என்னுமிடத்தில் நடைபெற்ற போரில் புரூட்டசும் காசியசும் தோற்று மடிந்தனர். வென்ற வீரர்களுக்கு நிலம் தர வேண்டியதாயிற்று. அதற்காக இத்தாலியில் பல ஊர்களின் விளைநிலங்கள் பறிக்கப்பட்டன. குற்றம் ஏதும் செய்யாத உழவர்கள் தம் குடும்பத்தோடு தெருவில் நின்றனர்.

ஆக்டியம் கடற்போர்

பின்னர் உரோமரின் ஆட்சிப்பரப்பு இரண்டாகப் பிரிந்தது. மேற்குப் பகுதி அக்டேவியனிடமும், கிழக்குப் பகுதி அந்தோணியிடமும் இருந்தன. அந்தோணி எகிப்து நாட்டு அரசி கிளியோபாத்ராவுடன் வாழத் தொடங்கினார். அவர் உரோமாபுரியின் நிலங்களை அவ்வரசியின் பிள்ளைகளுக்குப் பங்கிட்டுத் தருகிறார் என்று அக்டேவியன் மக்களிடையே பரப்பினார். ஆயினும் போரைக் கிளியோபாத்ராவின் மீதே அறிவித்தார். உரோமரோடு உரோமர் பொருதும் போரை, அயல்நாட்டுப் போர் போலக் காட்டிய அவருடைய சூழ்ச்சித் திறனை நாம் இங்கே காண்கிறோம்.

கி.மு. 31-ஆம் ஆண்டு செப்டம்பர் 2-ஆம் நாள் கிரேக்க நாட்டின் ஆக்டியம் முனையருகே இரு கடற்படைகளும் மோதின. அக்டேவியனின் படையை நடத்தியவர் தோழர் அக்கிரிப்பா. போரின் நடுவே கிளியோபாத்ராவின் கப்பல்கள் பாய்விரித்து விலகிச் சென்றன, அந்தோணியும் பின்தொடர்ந்தார். தலைவன் கைவிட்ட படை சரணடைந்தது. மறு ஆண்டு ஆகஸ்டில் அலெக்சாந்திரியா நகரம் வீழ்ந்தது. அந்தோணியும் கிளியோபாத்ராவும் தற்கொலை செய்துகொண்டனர். ஜூலியஸ் சீசருக்குக் கிளியோபாத்ராவிடம் பிறந்தவனாகக் கருதப்பட்ட சீசரியன் என்னும் இளைஞனும் அக்டேவியனின் ஆணையால் கொல்லப்பட்டான். எகிப்தின் செல்வமும் தானியமும் வெற்றி வீரர் வசமாயின. அப்போது அவருக்கு வயது முப்பத்திரண்டு.

பெயர் பழையது, ஆட்சி புதியது

இனி எதிர்ப்பார் எவருமில்லை. அவர் முடிசூடிக்கொள்வார் என்றே உலகம் எதிர்பார்த்தது. ஆனால், சீசருக்கு நேர்ந்ததை அவர் மறக்கவில்லை. கி.மு. 27-ஆம் ஆண்டு சனவரித் திங்களில் செனட் மன்றத்திற்கு வந்து, தம் அதிகாரங்கள் அனைத்தையும் திருப்பித் தருவதாக அறிவித்தார். மன்றத்தார் அவரை விலக விடவில்லை. எல்லைப்புற மாநிலங்களைக் காக்கும் பொறுப்பை அவரிடமே ஒப்படைத்தனர். பெரும்பான்மையான படைகள் இருந்தவை அம்மாநிலங்களே. போற்றுதற்குரியவர் என்னும் பொருள்படும் அகஸ்டஸ் என்ற சிறப்புப் பெயரையும் அவருக்குச் சூட்டினர்.

அவர் தம்மை மன்னர் என்று அழைத்துக்கொள்ளவில்லை. குடிமக்களுள் முதல்வர் என்ற பெயரே போதும் என்றார். கி.மு. 23-இல் மக்கள் காவலர்களுக்குரிய அதிகாரத்தை வாழ்நாள் முழுவதற்கும் பெற்றார். கான்சல்கள் ஆண்டுதோறும் தேர்ந்தெடுக்கப்பட்டனர், மன்றம் கூடியது, மக்கள் வாக்களித்தனர். ஆனால், அவர் விரும்பாத ஒன்று நடைபெற இயலவில்லை. ஒருவரை ஒருவர் தடுப்பதற்கென்று முன்னோர் பலரிடம் பிரித்து வைத்த அதிகாரங்கள் ஒருவரிடமே வந்து சேர்ந்தன. கட்டடம் அப்படியே நின்றது; அதில் குடியிருந்த உயிர் வெளியேறிவிட்டது.

மக்கள் ஏன் எதிர்க்கவில்லை என்று நாம் கேட்கலாம். பட்டியலிட்டுக் கொலை செய்த காலத்தையும், நிலம் பறிபோன காலத்தையும், தானியக் கப்பல் வாராமல் பட்டினி கிடந்த காலத்தையும் அவர்கள் கண்டிருந்தனர். பழைய குடியாட்சியை நேரில் அறிந்த முதியோர் பலர் போர்களில் மடிந்துவிட்டனர். களைத்துப் போன மக்களுக்கு உரிமையை விட உறக்கம் இனிதாகத் தோன்றியது.

படையைச் சீர்படுத்திய திறம்

அகஸ்டஸ் அமைத்தவற்றுள் மிகவும் பயன் தந்தது படைச் சீர்திருத்தமாகும். உள்நாட்டுப் போருக்காகப் பெருகிக் கிடந்த படைகளைக் கலைத்து, 28 லீஜியன்களை மட்டும் நிலைப்படையாக வைத்துக்கொண்டார். ஒரு லீஜியன் என்பது ஏறத்தாழ 5,000 வீரர் கொண்ட படைப்பிரிவு. எட்டு வீரர்கள் ஒரு கூடாரத்தில் தங்கி, ஒன்றாகச் சமைத்து உண்பர். அத்தகைய பத்துக் குழுக்கள் சேர்ந்தால் எண்பது பேர் கொண்ட ஒரு பிரிவாகும். அதன் தலைவர் செஞ்சூரியன் எனப்பட்டார்.

வீரர்கள் தலைக்கவசமும் மார்புக்கவசமும் அணிந்து, பெரிய கேடயமும் எறியீட்டியும் குறுவாளும் ஏந்தினர். பகைவர் நாட்டில் நடந்து செல்லும்போது, மாலையில் அகழி வெட்டி, மண்மேடு எழுப்பிப் பாசறை அமைத்த பின்னரே உறங்குவர். உரோமரின் வெற்றிக்கு வாளோடு மண்வெட்டியும் காரணமாயிற்று என்றால் அது மிகையாகாது.

வீரர்களின் பணிக்காலத்தை அவர் முதலில் 16 ஆண்டுகள் என்றும், பின்னர் 20 ஆண்டுகள் என்றும் வரையறுத்தார். ஓய்வு பெறும் வீரனுக்கு 12,000 செஸ்டர்சு வழங்க ஏற்பாடு செய்தார். இதற்கென்று கி.பி. 6-இல் தனிக் கருவூலம் ஒன்றை நிறுவி, தம் சொந்தப் பொருளிலிருந்து 17 கோடி செஸ்டர்சு அளித்தார். பரம்பரைச் சொத்தின் மீது நூற்றுக்கு ஐந்து வீதம் வரியும் விதித்தார். செல்வர்கள் முணுமுணுத்தனர். ஆனால், இனி வீரன் தன் முதுமைக்காகத் தளபதியின் கையை எதிர்பார்க்க வேண்டியதில்லை. உழவனின் நிலத்தைப் பறித்து வீரனுக்குக் கொடுக்கும் கொடுமையும் நின்றது. இளமையில் தாம் செய்த தீங்கின் வேரை முதுமையில் தாமே களைந்தார் என்று நாம் கொள்ளலாம்.

நகரும் மக்களும்

உரோமாபுரியில் ஏழைகள் பல மாடிக் கட்டடங்களில் நெருக்கமாக வாழ்ந்தனர். தீப்பற்றினால் தெருத் தெருவாக எரியும். அகஸ்டஸ் நகரத்தை 14 வட்டாரங்களாகப் பிரித்து, கி.பி. 6-இல் இரவுக் காவலும் தீயணைப்பும் செய்யும் ஏழு காவற்படைகளை அமைத்தார். அக்கிரிப்பா புதிய கால்வாய்கள் கட்டித் தூய நீரை நகருக்குக் கொண்டு வந்தார். ஏறத்தாழ இரண்டு இலட்சம் பேருக்கு அரசு இலவசமாகத் தானியம் வழங்கியது. ஒரே ஆண்டில் 82 கோயில்களைப் பழுதுபார்த்ததாக அகஸ்டஸ் தாமே பதிவு செய்துள்ளார். மக்கள்தொகைக் கணக்கையும் மூன்று முறை எடுப்பித்தார்.

உலகின் பெரும்பகுதியை ஆண்ட அவர் எளிய வாழ்வு வாழ்ந்தார். மனைவி லிவியாவும் குடும்பத்துப் பெண்களும் நெய்த ஆடையையே பெரும்பாலும் உடுத்தினார். நாற்பது ஆண்டுகளுக்கு மேலாக ஒரே படுக்கையறையில் உறங்கினார் என்பர்.

உடைந்த கிண்ணம்

அக்காலத்து அடிமைகளின் நிலையைக் காட்டும் நிகழ்ச்சி ஒன்றைப் பழைய நூலார் குறித்துள்ளனர். வேதியஸ் போலியோ என்னும் செல்வன் அகஸ்டசுக்கு விருந்தளித்தான். விருந்தின்போது அடிமைச் சிறுவன் ஒருவன் பளிங்குக் கிண்ணம் ஒன்றைக் கை தவறி உடைத்துவிட்டான். அவனை மீன் குளத்தில் எறியுமாறு போலியோ ஆணையிட்டான். அக்குளத்தில் விலாங்கு போன்ற கொடிய மீன்கள் இருந்தன. சிறுவன் ஓடி வந்து அகஸ்டசின் காலில் விழுந்தான். உயிரைக் காக்குமாறு அவன் வேண்டவில்லை. மீன்களுக்கு இரையாகாமல் வேறு வகையில் சாக விடுமாறே வேண்டினான்.

அகஸ்டஸ் மனம் கொதித்தார். அச்சிறுவனை விடுதலை செய்தார். மாளிகையிலிருந்த பளிங்குக் கிண்ணங்கள் அனைத்தையும் தம் கண்முன்னே உடைப்பித்தார். குளத்தையும் மூடச் செய்தார்.

இதைப் படிக்கும்போது நம் நெஞ்சம் குளிர்கிறது. ஆயினும் ஒன்றை நாம் எண்ணிப் பார்க்க வேண்டும். அச்சிறுவனைக் காத்தது சட்டமன்று. அன்று அங்கிருந்த ஒரு மனிதரின் இரக்கம். அகஸ்டஸ் விருந்துக்கு வாராத வீடுகளில் கிண்ணம் உடைத்த சிறுவர்களின் கதி யாதாயிருக்கும்? அடிமைகளுக்கு விடுதலை தருவதைக் கட்டுப்படுத்தும் சட்டங்களும் அவர் காலத்திலேயே இயற்றப்பட்டன.

தமிழகத்தோடு தொடர்பு

எகிப்து உரோமர் வசமானபின் செங்கடல் வழி வாணிகம் செழித்தது. ஆண்டுக்கு 120 கப்பல்கள் வரை இந்தியாவுக்குச் சென்றன என்று அக்காலத்து நிலநூலார் ஸ்திராபோ எழுதியுள்ளார். பருவக்காற்றின் துணைகொண்டு வந்த அவ்வணிகர்களையும் அவர்தம் நாட்டவரையும் நம் முன்னோர் யவனர் என்று அழைத்தனர். அவர்கள் பொன்னைத் தந்து மிளகும் முத்தும் மெல்லிய துணியும் பெற்றுச் சென்றனர். முசிறித் துறையில் அவர்கள் கலங்கள் வந்து நின்றதைச் சங்க இலக்கியம் கூறுகிறது.

பாண்டிய மன்னர் அகஸ்டசுக்குத் தூதும் பரிசும் அனுப்பிய செய்தியும் ஸ்திராபோவின் நூலில் இடம்பெற்றுள்ளது. அகஸ்டசின் உருவம் பொறித்த வெள்ளி நாணயங்கள் கோயம்புத்தூர் வட்டாரத்தில் புதையல்களாகக் கிடைத்துள்ளன. உரோமரின் பழைய நிலப்படம் ஒன்றின் படி இன்றும் இருக்கிறது. அதில் முசிறிக்கு அருகே அகஸ்டஸ் கோயில் ஒன்று குறிக்கப்பட்டுள்ளது. கடல் கடந்த அமைதியால் தமிழகமும் பயன் பெற்றதை நாம் இவற்றால் உணர்கிறோம்.

முதுமையும் துயரமும்

வெளியே வெற்றி பெற்றவர் வீட்டில் துயருற்றார். குடும்ப ஒழுக்கம் காக்க அவர் கி.மு. 18-இல் கடுஞ்சட்டங்கள் இயற்றினார். அச்சட்டங்களை மீறியதாகத் தம் ஒரே மகள் ஜூலியாவையே கி.மு. 2-இல் தீவொன்றுக்கு நாடு கடத்த நேர்ந்தது. தமக்குப்பின் ஆளத் தகுந்தவர் என்று அவர் எண்ணிய மருமகன் மார்செல்லசும் தோழர் அக்கிரிப்பாவும் முன்னரே மறைந்தனர். பேரர்கள் லூசியசும் கையசும் கி.பி. 2-இலும் 4-இலும் இளம் வயதில் இறந்தனர். இறுதியில் மனைவியின் முதல் மணத்து மகன் திபேரியசைத் தத்தெடுத்தார்.

கி.பி. 9-ஆம் ஆண்டில் பேரிடி ஒன்று விழுந்தது. செருமானிய நாட்டின் தியூட்டோபர்க் காட்டில் வாரஸ் என்னும் தளபதி மூன்று லீஜியன்களை நடத்திச் சென்றார். உரோமர் படையில் பணியாற்றிய செருமானியத் தலைவன் ஆர்மினியஸ் அவரை நம்ப வைத்துக் குறுகிய வழியில் சிக்க வைத்தான். அணிவகுத்துப் போரிட இடமில்லாத அக்காட்டில் மூன்று படைகளும் அழிந்தன. செய்தி கேட்ட முதிய அகஸ்டஸ் பல திங்கள் முடியும் தாடியும் களையாது துயரில் ஆழ்ந்தார். அழிந்த 17, 18, 19 என்னும் படை எண்களை உரோமர் அதன்பின் வேறெந்தப் படைக்கும் இடவில்லை. எல்லையை மேலும் விரிக்க வேண்டா என்று தமக்குப்பின் வருவோருக்கு அவர் அறிவுரை எழுதி வைத்தார்.

கி.பி. 14-ஆம் ஆண்டு ஆகஸ்டு 19-ஆம் நாள் நோலா நகரில் அவர் உயிர் நீத்தார். அவர் முதன்முதலாகக் கான்சல் ஆன திங்களும், அலெக்சாந்திரியாவை வென்ற திங்களும் அதுவே. முன்னர் ஆறாம் திங்கள் என்று பொருள்படும் பெயர் கொண்டிருந்த அத்திங்களுக்கு, கி.மு. 8-இல் அவருடைய பெயர் சூட்டப்பட்டிருந்தது.

முடிவுரை

அகஸ்டசின் பணியை நாம் எவ்வாறு மதிப்பிடுவது? அவர் தந்த அமைதி பொய்யன்று. அதில் உழவன் அறுவடை செய்தான். வணிகன் கடல் கடந்தான். குழந்தைகள் போர் முழக்கம் கேளாமல் வளர்ந்தனர். உள்நாட்டுப் போரில் தந்தையை இழந்த ஒரு பிள்ளைக்கு இவை சிறியன அல்ல.

ஆனால், அந்த அமைதி ஒரு மனிதரின் நற்குணத்தைத் தூணாகக் கொண்டு நின்றது. அவர் அறிவுடையவராக இருந்தவரை நாடு நன்றாக இருந்தது. அவருக்குப்பின் கலிகுலா போன்றோரும் நீரோ போன்றோரும் அதே இருக்கையில் அமர்ந்தனர். அவர்களைத் தடுக்கக் கான்சலால் இயலவில்லை; செனட்டால் இயலவில்லை; மக்கள் காவலராலும் இயலவில்லை. கலிகுலாவின் கொடுமைக்கு முடிவு கட்டியது வாக்கன்று, கி.பி. 41-இல் அவனுடைய மெய்க்காவலர் ஏந்திய வாளே. செல்வன் வீட்டுச் சிறுவனைப் போலவே உரோமாபுரியின் குடிமக்களும் ஆள்பவரின் இரக்கத்தை நம்பி வாழும் நிலையை அடைந்தனர்.

பழைய குடியாட்சியை அகஸ்டஸ் ஒருவரே வீழ்த்தினார் என்று கூறுவதும் பொருந்தாது. ஏழையின் முறையீட்டைக் கேளாத செல்வரும், சட்டத்தை மீறிப் படை நடத்திய தளபதிகளும், நிலத்துக்காக நாட்டை மறந்த வீரரும் அதனை முன்னரே அரித்துவிட்டனர். அரித்த மரத்தை அவர் சாய்த்தார். சாய்ந்த இடத்தில் நிழல் தரும் பந்தல் ஒன்றையும் போட்டார். பந்தல் மரமாகிவிடாது.

வரும் ஆகஸ்டுத் திங்களில் நாம் கொடியேற்றி நிற்கும்போது இப்பெரியாரை ஒரு கணம் நினைவு கூர்வோம். அவருடைய உழைப்பையும் எளிமையையும் திட்டமிடும் திறனையும் நாம் கற்றுக்கொள்வோம். அமைதியும் உரிமையும் இரு கண்கள் என்பதையும், ஒன்றுக்காக மற்றொன்றை இழக்கும் நிலை வாராமல் காப்பது குடிமக்கள் ஒவ்வொருவரின் கடமை என்பதையும் நெஞ்சில் இருத்துவோம்.